தேதி இல்லாத விலை

‘போடிக்கு ரயில் கிடையாது’ என்றொரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 1935இல் எழுதியிருந்தால் அது பொய். 1928லேயே மதுரையிலிருந்து போடிநாயக்கனூர்வரை தண்டவாளம் வந்துவிட்டது. 1945இல் எழுதியிருந்தால் மெய். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில் மறுபடி பாதை போட்டார்கள், வாக்கியம் மறுபடி பொய்யாயிற்று. 2010ஆம் ஆண்டின் முடிவில், மீட்டர் பாதையை அகலப் பாதையாக்குவதற்காக ரயிலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக அது மெய்யாகவே நீடித்தது. 2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனிவரை ரயில் ஓடத் தொடங்கியபோதுகூடப் போடிக்காரர்களுக்கு அது மெய்தான். 2023 ஜூன் 15 அன்று அகலப் பாதையில் ரயில் போடிக்கு ஓடத் தொடங்கியது. அன்றோடு அது மீண்டும் பொய்.

இத்தனைக்கும் அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியதெல்லாம் ஊர். எப்போது எழுதியது என்று தெரியாதவரை அந்த வாக்கியத்தை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மலையடிவாரத்துச் சின்ன நகரம் ஒன்றைப் பற்றிய எளிய தகவலுக்கே இந்த நிலை என்றால், ஓர் ஊரைப் பற்றி நாம் எழுதி வைக்கும் ஒவ்வொரு வரிக்கும் நாள் குறிக்கும் கடமை இருக்கிறது.

அச்சுப் புத்தகத்தில் இந்தக் கடமையைப் பதிப்பாண்டு ஏற்றுக்கொண்டது. 1960இல் வந்த ஊர் வரலாறு என்றால், படிப்பவர் தாமாகவே முப்பத்தாறு ஆண்டு கழித்து மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்ததைச் சேர்த்துக்கொண்டு படிப்பார். இன்று ஊர்களைப் பற்றிய அறிவு பெருமளவு விக்கிகளில் சேர்கிறது. விக்கியில் பதிப்பு என்று ஒன்று கிடையாது. நேற்று ஒருவர் ஒரு வரி சேர்த்தார், இன்று இன்னொருவர் ஒரு எண்ணைத் திருத்துகிறார், நாளை யாரோ ஒருவர் ஒரு பத்தியை நீக்குவார். ஒரே பக்கத்தில் 2005ஆம் ஆண்டின் வரியும் சென்ற வாரத்தின் வரியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அந்தப் பக்கத்தின் அடியில், கடைசியாகத் திருத்திய நாள் என்று ஒரே ஒரு தேதி இருக்கும். பல ஆண்டுகளில் பல கைகள் எழுதியதற்கெல்லாம் அந்த ஒற்றைத் தேதி பொறுப்பேற்கிறது. அந்தத் தேதி எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது தொழில்நுட்பக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் அறிந்திருக்க வேண்டிய விவகாரம் அது என்பது என் எண்ணம்.

*

கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் ‘கடைசியாக மாறிய நேரம்’ என்று ஒன்றை இயங்குதளம் குறித்து வைக்கிறது. யூனிக்ஸ் மரபில் இது 1970 ஜனவரி 1ஆம் நாளிலிருந்து கடந்துபோன நொடிகளின் எண்ணிக்கை. ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்து விக்கி நடத்துகிறவருக்கு இது போதுமே என்று தோன்றும். கோப்பு மாறிய நேரம்தானே பக்கம் மாறிய நேரம்?

அந்தக் கோப்பு ஒரே கணினியில் இருக்கும்வரை இது சரி. ஆனால் விக்கியைப் பலர் சேர்ந்து எழுதும்போது, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்ய ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. மென்பொருள் எழுதுகிறவர்கள் இதற்குப் பயன்படுத்தும் கருவிகளில் இன்று பரவலாக இருப்பது கிட். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கருநிரல் பணிக்காக உருவாக்கியது. கிட் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்ற பெயரில் சேமிக்கிறது. யார் செய்தார், எப்போது செய்தார், எதற்காகச் செய்தார், எந்த எழுத்து போய் எந்த எழுத்து வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். இத்தனையையும் வைத்திருக்கும் கிட், ஒன்றை மட்டும் வேண்டுமென்றே வைத்துக்கொள்வதில்லை. அது கோப்பு கடைசியாக மாறிய நேரம்.

இதன் விளைவு இதுதான். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிச் சேர்த்த ஒரு விக்கியை இன்று காலை புதிய கணினி ஒன்றில் பிரதி எடுத்தால், அதிலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் மாறிய நேரம் இன்று காலை என்றே விழும். போடி ரயில் நிலையம் பற்றி 2012இல் எழுதி அப்படியே விட்டுவிட்ட பக்கமும், ஏலத்தோட்டங்கள் பற்றி நேற்று திருத்திய பக்கமும் ஒரே நிமிடத்தில் பிறந்த குழந்தைகள்போலத் தோன்றும். ‘அண்மையில் மாறியவை’ என்று ஒரு பட்டியல் போட்டால் எல்லாப் பக்கமும் அதில் வந்து நிற்கும்.

கிட்டை உருவாக்கியவர்கள் இப்படி விட்டதற்கு நியாயம் உண்டு. மென்பொருளைக் கட்டும் ‘மேக்’ போன்ற கருவிகள், எந்தக் கோப்பு புதியது, எது பழையது என்று நேரத்தைப் பார்த்துத்தான் எதை மறுபடி கட்டவேண்டும் என்று முடிவு செய்கின்றன. ஒரு பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது கோப்பின் பழைய நேரத்தையும் கிட் திருப்பிக் கொடுத்தால், கோப்பு மாறியிருந்தும் மேக் அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். கட்டுகிற கருவிக்கு வேண்டியது ‘இந்தக் கணினியில் இது எப்போது வந்தது’ என்ற தகவல். வாசகருக்கு வேண்டியதோ ‘இது எப்போது எழுதப்பட்டது’ என்ற தகவல். இரண்டுமே நேரம்தான், இரண்டுமே மெய்தான். ஒன்று கேட்கப்படும் இடத்தில் மற்றொன்றை எடுத்துக் கொடுக்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

ஜோயி ஹெஸ் 2006இல் தொடங்கிய ஐகிவிக்கி என்ற மென்பொருள் இந்தச் சிக்கலை நேராகச் சந்தித்தது. அதில் பக்கங்கள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். அவற்றின் வரலாற்றைக் காப்பது கிட் போன்ற கருவியின் வேலை. விக்கியை முதன்முறை கட்டும்போது ஐகிவிக்கி கோப்பின் நேரத்தை நம்பாமல் கிட்டின் பதிவேட்டைப் புரட்டுகிறது. இந்தப் பக்கம் முதலில் எந்தக் கமிட்டில் நுழைந்தது, கடைசியாக எந்தக் கமிட்டில் மாறியது என்று தேடிப் பக்கத்துக்குப் பிறந்த நாளும் மாறிய நாளும் குறிக்கிறது. பெரிய விக்கிக்கு இது மெதுவான வேலை. ஆனால் அந்த மெதுவுக்குப் பலன் உண்டு. தன் கையில் இருக்கும் பிரதியைக் கேட்காமல் பதிவேட்டைக் கேட்பதுதான் இங்கே நேர்மை.

*

தமிழ்நாட்டில் இந்த நேர்மைக்கு ஆயிரம் ஆண்டு முன்மாதிரி ஒன்று உண்டு. திருமழபாடி வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன்பு சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் மகன் முதலாம் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அந்தப் படிகளைப் பார்த்துப் புதிய சுவரில் மறுபடி பொறித்தார்கள். ஒரு தானம் எந்த அரசனின் எந்த ஆண்டில் கொடுக்கப்பட்டதோ, அந்த ஆண்டு புதுக்கல்லிலும் அப்படியே இருந்தது. மறுபடி வெட்டிய செய்தியும் ஆண்டும் தனியே குறிக்கப்பட்டன. பிற கோயில்களிலும் இப்படித் திரும்ப வெட்டிய கல்வெட்டுகளில் ‘பழங்கற்படி’ என்று குறித்து வைக்கும் வழக்கம் இருந்திருக்கிறது.

கிட்டின் கமிட் ஒன்றைத் திறந்து பார்த்தால் அதிலும் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று மாற்றத்தை எழுதியவர் எழுதிய நேரம். மற்றது அதை இந்த வரலாற்றில் சேர்த்தவர் சேர்த்த நேரம். ஒருவர் எழுதிய மாற்றத்தை வேறொருவர் பிறகு வேறிடத்தில் பொருத்தும்போது முதல் தேதி அப்படியே நிற்கும், இரண்டாவது தேதி மட்டும் புதிதாகும். சோழர் காலத்துக் கணக்கர்களும் கல்தச்சர்களும் கண்டுகொண்ட அதே பாகுபாடு இது. தானத்தின் தேதி தானத்துக்குச் சொந்தம், படியெடுத்த தேதி படிக்குச் சொந்தம். ஒன்று மற்றொன்றை அழிக்கக்கூடாது. புதுச் சுவரின் ஆண்டைத் தானத்தின் ஆண்டாக எழுதியிருந்தால், அந்தக் கோயிலின் பழைய வரலாறு ஒரே நாளில் ராஜேந்திரன் காலத்துக்கு இறங்கி வந்திருக்கும்.

வரலாற்றைக் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை விக்கிப்பீடியாவே பட்டுத் தெரிந்துகொண்டது. 2001 ஜனவரியில் அது தொடங்கியபோது பயன்படுத்திய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருள், பழைய வடிவங்களைச் சில காலத்துக்குப் பிறகு தூக்கி எறிந்துவிடும் இயல்பு உடையது. முதல் மாதங்களின் திருத்தங்களில் பெரும்பகுதி தொலைந்துபோனது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய காப்புப் பிரதிகளிலிருந்து அவற்றைக் கண்டெடுத்தார். உலகத்தின் மிகப் பெரிய கலைக்களஞ்சியம் தன் குழந்தைப் பருவத்தை ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல் இழந்திருந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, வரலாற்றை முழுதாகக் காக்கும் மென்பொருளின் காலத்தில் பிறந்த நற்பேறு பெற்றது. இன்று அங்கே எந்தப் பக்கத்தின் மேலும் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்ற பொத்தான் இருக்கிறது. அதைச் சொடுக்குகிறவர்கள் மிகக் குறைவு. அந்தப் பக்கத்தின் மிக உண்மையான பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

*

பதிவேடு இருந்தால் மட்டும் போதாது. பதிவேட்டில் உள்ள கடைசித் தேதியும் நம்மை ஏமாற்றக்கூடும். இரண்டு வகையில்.

முதல் வகை: பொருள் மாறாமல் தேதி மாறுவது. 2013இல் விக்கித்தரவு என்ற பொதுத் தளம் விக்கிப்பீடியாக்களில் நடைமுறைக்கு வந்தபோது, ஒரு கட்டுரையைப் பிற மொழிக் கட்டுரைகளோடு இணைக்கும் இணைப்புகள் எல்லாம் அங்கே இடம்பெயர்ந்தன. பல மொழி விக்கிப்பீடியாக்களில் தானியங்கிகள் பக்கம் பக்கமாகப் போய் அந்த இணைப்பு வரிகளை நீக்கின. வேலை அவசியமானது, ஒழுங்காகவும் நடந்தது. ஆனால் பல ஆண்டுகளாக யாரும் தொடாத எண்ணற்ற கட்டுரைகளின் அடியில் ‘கடைசியாகத் திருத்திய நாள்’ 2013 என்றானது. எழுத்துப்பிழை திருத்துவதும் பகுப்பு சேர்ப்பதும் இதே விளைவைத் தருகின்றன. முகம் கழுவிய பக்கம் இளமையாகத் தெரிகிறது.

இரண்டாவது வகை: தேதி மாறாமல் பொருள் மாறுவது. ஊர்க் கட்டுரைகளின் ஓரத்தில் உள்ள தகவல் பெட்டிகள் வார்ப்புருக்களிலிருந்து வருகின்றன. வார்ப்புருவில் ஒரு பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் எல்லாப் பக்கங்களிலும் அந்தப் பெயர் மாறிவிடும். ஆனால் அந்தப் பக்கங்களின் வரலாற்றில் ஒரு வரியும் சேராது. பக்கத்தை எப்போது மீண்டும் வரைந்து காட்டவேண்டும் என்பதற்காக மீடியாவிக்கி மென்பொருள் ‘தொடப்பட்ட நேரம்’ என்று தனியாக ஒன்றை உள்ளுக்குள் வைத்துக்கொள்கிறது. வாசகர் காணும் தேதி அதுவல்ல. அதனால், பக்கம் நேற்று வேறு ஒன்றைச் சொன்னது என்பதையும் இன்று வேறு ஒன்றைச் சொல்கிறது என்பதையும் அடியிலுள்ள தேதி அறியாது.

மூன்றாவதாக ஒரு சங்கடமும் உண்டு, பெயர் மாற்றம். ஒரு கோப்புக்குப் புதுப் பெயர் வைத்தால் கிட் அதைத் தனியாகக் குறித்து வைப்பதில்லை. உள்ளடக்கம் ஒத்திருப்பதைக் கண்டு, இது பழைய கோப்பின் தொடர்ச்சியாக இருக்கலாம் என்று பின்னால் ஊகிக்கிறது. அப்படித் தேடச் சொல்லாமல் வரலாற்றைக் கேட்டால், பெயர் மாறிய நாளையே பிறந்த நாளாகச் சொல்லும். மண்ணிலும் இது நடக்கிறது. போடிமெட்டில் ஏறி மூணாறுக்குப் போகும் சாலை நெடுங்காலம் தேசிய நெடுஞ்சாலை 49. நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்கு மறுபடி எண்ணிட்ட பிறகு அது 85. அந்த வளைவுகளும் அந்தச் சரிவுகளும் அப்படியே இருக்க, பழைய எண்ணில் எழுதப்பட்ட குறிப்புகள் எல்லாம் வேறு ஏதோ சாலையைப் பற்றியவைபோல அநாதையாகிவிட்டன. 85 என்று மட்டும் தேடுகிறவருக்கு அந்தச் சாலையின் வரலாறு எண் மாறிய பிறகே தொடங்குவதாகத் தோன்றும்.

*

இவையெல்லாம் நுணுக்கங்கள், ஊருக்கு இதனால் என்ன என்று கேட்பவர்கள் போடியின் ஏலக்காய்ச் சந்தையைப் பார்க்கவேண்டும்.

போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. மலையில் எடுத்த காயை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தித் தரம் பிரித்து இங்கே கொண்டுவருகிறார்கள். ஏலம் முடிந்ததும் போர்டு வெளியிடும் பட்டியலில் ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வரத்து எவ்வளவு, விற்றது எவ்வளவு, அதிக விலை, சராசரி விலை என்று எல்லாம் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் தேதி இருக்கும். தோட்டக்காரரோ வியாபாரியோ யாருமே தேதி கேட்காமல் விலை கேட்பதில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று ஆண்டுக்குள் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ‘ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் விற்கிறது’ என்று தேதியில்லாமல் ஒரு பக்கத்தில் கிடந்தால், அதை நம்பி ஒருவர் கடன் வாங்கி நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கக்கூடும். மலையின் விலை உலகத்தில் தேதியில்லாத எண் எண்ணே அல்ல. அந்தச் சந்தையில் ஒவ்வொருவரும் இயல்பாகக் கடைப்பிடிக்கும் இந்த ஒழுக்கத்தைத்தான் ஊரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்க்கிறேன்.

விலையைவிடப் பெரியதும் இதில் உண்டு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு எப்படி ஏறலாம் என்று உற்சாகமாக எழுதிய குறிப்புகள் பல. எழுதியவர்கள் அந்த நாளின் உண்மையை எழுதினார்கள், அவர்களைக் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 2016இல் எழுதிய குறிப்பு ஒன்று, வேறெதற்கோ செய்த ஒரு சிறு திருத்தத்தால், அடியில் இன்றைய தேதியோடு நிற்குமானால், கோடைக்காலத்தில் அனுமதியில்லாமல் காட்டுக்குள் ஒருவரை அது அழைத்துச் செல்லக்கூடும். தவறான மாற்ற நேரம் ஆளையே ஆபத்தில் நிறுத்தும் இடமும் இருக்கிறது.

ஆகவே ஒரு வரிக்கு மூன்று நாட்கள் உண்டு என்று வைத்துக்கொள்வது நல்லது. நிகழ்ந்த நாள், எழுதிய நாள், இந்தப் பிரதி வந்து சேர்ந்த நாள். கருவிகள் மூன்றாவதைத் தாமாகக் கொடுத்துவிடும், அதற்கு யாருடைய அக்கறையும் தேவையில்லை. இரண்டாவதைப் பதிவேட்டைக் கேட்டுப் பெறலாம், பதிவேட்டைக் காத்திருந்தால். முதலாவதைத் தர உலகத்தில் எந்த மென்பொருளாலும் ஆகாது. ரயில் ஓடத் தொடங்கிய நாளையும் விலை தொட்ட உச்சத்தின் நாளையும் பாதை மூடப்பட்ட நாளையும் எழுதுகிறவர்தான் வாக்கியத்துக்குள்ளேயே எழுதவேண்டும்.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சொந்தமாக விக்கி நடத்தும் நண்பர்கள், கணினியை மாற்றும்போது கோப்பின் நேரத்தை நம்பாமல் கிட் பதிவேட்டிலிருந்து நாட்களை எடுத்துப் போடட்டும். பெயர் மாற்றும்போது பழைய பெயரைப் பக்கத்தில் விட்டுவைக்கட்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள், திருத்தச் சுருக்கம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாமல் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதட்டும். சிறு திருத்தத்தைச் சிறு திருத்தம் என்றே குறிக்கட்டும். அந்த ஒரு வரி இல்லாத வரலாறு, கணக்கு எழுதாமல் தேதி மட்டும் போட்ட பேரேடு. படிக்கிறவர்கள், ஒரு தகவலை எடுத்து வேறிடத்தில் சொல்வதற்கு முன் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்பதை ஒருமுறை சொடுக்கிப் பார்க்கட்டும்.

போடியைப் பற்றி இனி எழுதப்போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். ‘இப்போது’, ‘தற்போது’, ‘சமீபத்தில்’ என்ற சொற்களை விட்டுவிட்டு ஆண்டை எழுதுங்கள், முடிந்தால் மாதத்தையும் நாளையும் எழுதுங்கள். உங்கள் வரி உங்களைவிட நீண்ட நாள் வாழும். அதைப் படிக்கப்போகிறவருக்கு உங்கள் ‘இப்போது’ எது என்று தெரிய வேறு வழியில்லை.